புதிய பிளக் போட்டும் எஞ்சின் இருமுகிறதா?

களை எடுக்க ஆள் கிடைப்பது அரிதாகிவிட்ட இந்நாளில், இரண்டு ஏக்கர், மூன்று ஏக்கர் வைத்திருக்கும் சிறு விவசாயிகளின் நிலத்திலும் பெட்ரோல் எஞ்சின் பொருத்திய களைக்கருவிகள் ஓடத் தொடங்கிவிட்டன. முதுகில் மாட்டிக்கொள்ளும் விசைத்தெளிப்பான், புல் வெட்டும் கருவி, சிறு பம்பு செட் ஆகியவையும் பல வீடுகளில் இருக்கின்றன. டீசல் எஞ்சினுக்கு ஸ்பார்க் பிளக் கிடையாது. மேற்சொன்ன சிறு எஞ்சின்களுக்கோ பிளக்தான் உயிர்நாடி. அதை மாற்றிய பிறகு எஞ்சின் சீராக ஓடவில்லை என்ற முறையீட்டை நான் போகும் கிராமங்களில் அடிக்கடி கேட்கிறேன். இது சிறிய கோளாறு. ஆனால் இதைத் தேடும் முறை தெரியாததால் களை எடுக்கும் பருவமே தவறிப்போவதையும், நல்ல கருவி பழைய இரும்புக் கடைக்குப் போவதையும் பார்த்திருக்கிறேன். ஆகவே இதுபற்றி என் கருத்தை விவசாயப் பெருமக்கள் முன் வைக்க விரும்புகிறேன்.

ஒன்பது நாட்கள் வீணான கதை

கொங்குப் பகுதியில் ஒரு விவசாயி ஆவணியில் இரண்டு ஏக்கர் இறவைப் பருத்தி போட்டிருந்தார். பருத்திக்கு முதல் 45 நாட்கள் களையின் போட்டி இருக்கக் கூடாது என்பது நாம் எல்லோரும் அறிந்ததே. இருபதாம் நாள் வரிசைகளுக்கு இடையே ஓட்டுவதற்காகத் தம் களைக்கருவியை வெளியே எடுத்தார். கயிற்றைப் பல முறை இழுத்த பிறகே எஞ்சின் கிளம்பியது. பிளக் பழையதாகிவிட்டது என்று எண்ணி, மகனை அனுப்பிப் புதிய பிளக் வாங்கிப் போட்டார். எஞ்சின் உடனே கிளம்பியது. ஆனால் ஆக்சிலேட்டரைக் குறைத்ததும் திணறி, குலுங்கி, இரண்டு நிமிடத்தில் நின்றுவிட்டது.

பிறகு நடந்தது வழக்கமான கதை. உள்ளூரில் இரு சக்கர வண்டி பழுது பார்ப்பவர் கார்புரேட்டர் திருகுகளைத் திருப்பிப் பார்த்தார். சரியாகவில்லை. மறுநாள் கார்புரேட்டரைக் கழற்றிக் கழுவினார். அப்போதும் சரியாகவில்லை. பக்கத்து ஊரில் இருந்து வந்த இன்னொருவர் கார்புரேட்டரே போய்விட்டது, புதிதாக வாங்க வேண்டும் என்றார். அதற்கும் பணம் கொடுத்தார்கள். இவ்வாறு ஒன்பது நாட்கள் ஓடின. அதற்குள் இரண்டு மழை பெய்து, களை பருத்திச் செடியின் உயரத்தைத் தாண்டிவிட்டது. கடைசியில் ஆள் வைத்துக் கையால் எடுக்க வேண்டியதாயிற்று.

வேறு வேலையாக அவ்வழியே போனபோது இது என் காதுக்கு வந்தது. “ஏனுங்க சார், பழைய பிளக்குல கயிறு இழுக்கத்தான் சிரமமா இருந்துச்சு. புதுசு போட்டதுல இருந்து சும்மா விட்டா இருமுதுங்க. முடுக்கினா ஓடுதுங்க” என்றார் விவசாயி. பிளக் மாற்றிய அன்று என்னென்ன நடந்தது என்று கேட்டேன். அவர் சொல்லுமுன் அவருடைய மனைவி, “பையன் கைல இருந்து பிளக்கு திண்ணைல விழுந்துச்சுங்க. தூசியத் தட்டிட்டு அப்படியே மாட்டிட்டான்” என்றார்.

பிளக்கைக் கழற்றிப் பார்த்தோம். பொறி பறக்க வேண்டிய இரண்டு முனைகளும் ஏறக்குறைய ஒட்டிக்கொண்டிருந்தன. அந்த எஞ்சினுக்கு இடைவெளி 0.7 முதல் 0.8 மில்லிமீட்டர் இருக்க வேண்டும். இங்கே 0.3 மில்லிமீட்டர் தகடே நுழைய மறுத்தது. இடைவெளியைச் சரிசெய்து பூட்டியதும் எஞ்சின் பெரிதும் அமைதியடைந்தது. ஆயினும் முழுமையாகச் சீராகவில்லை. ஏனெனில் இதற்குள் இரண்டு பேர் திருகுகளை மாற்றி மாற்றித் திருப்பியிருந்தார்கள். அவற்றை மீண்டும் நிலைக்குக் கொண்டுவர அன்று முற்பகல் முழுவதும் ஆயிற்று. முதலில் இருந்த கோளாறு ஒன்றுதான். மற்றவை நாமாகச் சேர்த்துக்கொண்டவை.

கடைசியாகத் தொட்டதை முதலில் பாருங்கள்

மாட்டுக்கு வயிறு உப்பினால் கால்நடை மருத்துவர் முதலில் கேட்பது “நேற்று என்ன தீவனம் போட்டீர்கள்?” என்பதே. நேற்று வரை நன்றாக இருந்த மாடு இன்று படுத்தால், நேற்றைக்கும் இன்றைக்கும் இடையே நடந்ததில்தான் காரணம் இருக்கும். எஞ்சினுக்கும் இதே நியாயம் பொருந்தும். பிளக் மாற்றும் வரை ஐடிலிங் சீராக இருந்து, மாற்றிய பிறகு கெட்டுப்போனால், சந்தேகத்துக்கு உரியது பிளக்கும், அதை மாற்றும்போது நம் கை பட்ட இடங்களுமே. கார்புரேட்டர் அன்று எந்தக் குற்றமும் செய்யவில்லை.

ஆனால் நம் மனத்தில் ஒரு தவறான எண்ணம் வேரூன்றியிருக்கிறது. புதியது என்றால் நல்லதாகத்தான் இருக்கும் என்பதே அது. ஆகவே புதிய பிளக்கை விட்டுவிட்டு மற்ற எல்லாவற்றையும் சந்தேகிக்கிறோம். விதை வாங்கினால் முளைப்புத்திறன் பார்த்து விதைக்கிறோம். புதிய பிளக்கையும் அவ்வாறு சோதித்த பிறகே பூட்ட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

மற்றொன்று, பழைய பிளக்கை உடனே எறிந்துவிடக் கூடாது. புதிய பிளக் ஒரு நாள் முழுவதும் வயலில் வேலை செய்து காட்டும் வரை பழையது கருவிப் பெட்டியிலேயே இருக்கட்டும். எஞ்சின் திணறினால், அது ஆறிய பின் பழைய பிளக்கைத் திரும்பப் போட்டு ஓட்டிப் பாருங்கள். பழையதில் சீராக ஓடினால் குற்றம் புதிய பிளக்கில் என்பது ஐயமின்றித் தெரிந்துவிடும். பழையதிலும் திணறினால் பிளக்கின் தொப்பி, வயர், எரிபொருள் என்று தேடலாம். இச்சோதனைக்கு ஒரு பைசா செலவில்லை.

ஐடிலிங்கில் மட்டும் ஏன் திணறுகிறது?

ஆக்சிலேட்டர் கொடுக்காமல் எஞ்சின் சும்மா ஓடும் நிலையை ஐடிலிங் என்றும் ஸ்லோ என்றும் மெக்கானிக்குகள் சொல்வார்கள். களைக்கருவிகளில் உள்ள நான்கு ஸ்ட்ரோக் எஞ்சின்கள் பல இந்நிலையில் நிமிடத்துக்கு ஏறத்தாழ 1,400 சுற்று சுற்றும். அப்போது சிலிண்டருக்குள் நுழையும் பெட்ரோலும் காற்றும் மிகக் குறைவு. முந்தைய சுற்றில் எரிந்த புகையும் உள்ளே கலந்து நிற்கும். இத்தகைய கலவையைப் பற்ற வைக்க நல்ல பலமான பொறி வேண்டும். முனைகள் நெருங்கியிருந்தால் பொறி சிறுத்து, பற்றவைக்கும் வலுவை இழக்கிறது. முனைகள் அதிகம் விலகியிருந்தால் பொறி பாயாமல் தவறுகிறது. இரண்டு சுற்றுக்கு ஒரு முறை, மூன்று சுற்றுக்கு ஒரு முறை கலவை பற்றாமல் போகும்போதுதான் “மிஸ் அடிக்கிறது” என்கிறோம்.

முடுக்கும்போது கலவை தாராளமாக உள்ளே செல்வதால் பலவீனமான பொறியும் ஒருவாறு பற்ற வைத்துவிடும். இதனால்தான் “வேகத்தில் நன்றாக ஓடுகிறது, ஆகவே பிளக் நன்றாகத்தான் இருக்கிறது” என்று பலர் ஏமாந்துபோகிறார்கள். பற்றாமல் போன பெட்ரோல் வீணாவதோடு நில்லாமல், சிலிண்டர் சுவரில் உள்ள எண்ணெய்ப் படலத்தைக் கழுவிக்கொண்டு கீழே இறங்கி எஞ்சின் ஆயிலை நீர்க்கச் செய்கிறது. எனவே திணறும் எஞ்சினை அப்படியே நாள்கணக்கில் ஓட்டுவதும் நல்லதல்ல.

வரிசையாகப் பார்க்க வேண்டியவை

நம் சிறு எஞ்சின்களில் ஒரே சிலிண்டர், ஒரே பிளக். ஆகையால் தேடுவது எளிது. ஆனால் வரிசை மாறாமல் தேட வேண்டும். எஞ்சின் நன்றாக ஆறிய பிறகே பிளக்கில் ஸ்பேனர் வையுங்கள். அலுமினியத் தலை சூடாக இருக்கும்போது திருகினால் மரை கெட்டுவிடும். கழற்றும் முன் பிளக்கைச் சுற்றியுள்ள மண்ணைத் தூரிகையால் துடைத்துவிடுங்கள். இல்லாவிடில் ஒரு சிட்டிகை மண் துளை வழியே சிலிண்டருக்குள் விழுந்து உள்சுவரைக் கீறிவிடும்.

முதலில் எண். பிளக்கின் மேல் அச்சிட்டிருக்கும் எண், கருவியுடன் வந்த புத்தகத்தில் உள்ள எண்ணுடன் ஒத்திருக்கிறதா என்று பாருங்கள். மரையில் ஏறுகிறது என்பதால் பொருத்தமான பிளக் என்று ஆகிவிடாது. எடுத்துக்காட்டாக, என்.ஜி.கே. பிளக்குகளில் பி.பி.ஆர்.6.இ.எஸ். என்ற எண்ணில் முதலில் உள்ள பி என்பது மரையின் விட்டம் 14 மில்லிமீட்டர் என்பதைக் குறிக்கும். இ என்பது மரையின் நீளம் 19 மில்லிமீட்டர் என்பதைக் குறிக்கும். அந்த இ இருக்கும் இடத்தில் எச் இருந்தால் மரையின் நீளம் 12.7 மில்லிமீட்டர்தான். இரண்டும் ஒரே துளையில் ஏறும். ஆனால் நீள மரைக்கு உரிய இடத்தில் குட்டை பிளக்கைப் போட்டால், பொறி துளைக்குள்ளேயே ஒளிந்து நின்று ஐடிலிங் கெடும். காலியாக உள்ள மரைகளில் கரியும் படியும். குட்டை மரைக்கு உரிய இடத்தில் நீள பிளக்கைப் போட்டால், பிஸ்டனோ வால்வோ அதில் இடித்துப் பெருஞ்சேதம் விளையலாம்.

எண்ணில் நடுவே உள்ள இலக்கம் வெப்ப எண். பிளக்கின் முனை ஏறத்தாழ 450 டிகிரி சென்டிகிரேடு வெப்பம் அடைந்தால்தான் தன் மேல் படியும் கரியைத் தானே எரித்துக்கொள்ளும். அந்த வெப்பத்தை எட்டாத குளிர் பிளக்கைப் போட்டால் சில மணி நேரத்தில் கரி பிடித்து எஞ்சின் மிஸ் அடிக்கும். அளவுக்கு மீறிச் சூடாகும் பிளக்கைப் போட்டால் பிஸ்டனுக்கே ஆபத்து. இதில் ஒரு குழப்பம் உண்டு. என்.ஜி.கே. பிளக்கில் இலக்கம் கூடினால் குளிர் பிளக். பாஷ் பிளக்கில் இலக்கம் கூடினால் சூட்டு பிளக். ஆகவே ஒரு கம்பெனி எண்ணைப் பார்த்து அதே இலக்கம் உள்ள இன்னொரு கம்பெனி பிளக்கை வாங்கக் கூடாது. எதற்கு எது மாற்று என்று காட்டும் அட்டவணையைப் பார்த்துத் தரும்படி கடையில் கேளுங்கள். போலி பிளக்குகளும் நடமாடுவதால் தெரிந்த கடையில், பெட்டி பிரிக்காததாகப் பார்த்து வாங்குவது நலம்.

இரண்டாவது இடைவெளி. இதை அளக்க ஃபீலர் கேஜ் என்னும் மெல்லிய தகடுகளின் கட்டு கிடைக்கிறது. பல நான்கு ஸ்ட்ரோக் சிறு எஞ்சின்களுக்கு 0.7 முதல் 0.8 மில்லிமீட்டர் இடைவெளி வேண்டும். விசைத்தெளிப்பான், புல் வெட்டும் கருவி போன்ற இரண்டு ஸ்ட்ரோக் எஞ்சின்களில் சிலவற்றுக்கு 0.5 மில்லிமீட்டரே போதும். உங்கள் கருவியின் புத்தகத்தில் உள்ள அளவே முடிவானது. தகடு இலேசாக உரசிக்கொண்டு நுழைய வேண்டும். கூட்டவும் குறைக்கவும் வளைந்திருக்கும் பக்க முனையை மட்டும் மெதுவாக அசைக்க வேண்டும். நடுமுனையையோ பீங்கானையோ நெம்பக் கூடாது. அவசரத்துக்குத் தகடு இல்லாவிடில், வங்கி ஏ.டி.எம். அட்டையின் கனம் சுமார் 0.76 மில்லிமீட்டர் என்பதை நினைவில் வையுங்கள். 0.7 முதல் 0.8 வரை வேண்டிய பிளக்குக்கு அதன் விளிம்பை வைத்து ஒருவாறு பார்த்துக்கொள்ளலாம். கம்பெனியிலேயே இடைவெளி வைத்துத்தான் வருகிறது என்பார்கள். உண்மைதான். ஆனால் கம்பெனியில் இருந்து நம் கைக்கு வருவதற்குள் அது எத்தனை முறை கீழே விழுந்ததோ யார் அறிவார்?

மூன்றாவது பூட்டும் முறை. பிளக்கை முதலில் கையாலேயே திருக வேண்டும். ஸ்பேனரால் தொடங்கினால் மரை சாய்ந்து ஏறிவிடும். கையால் திருகி அடியில் உட்கார்ந்த பின், புதிய பிளக்கானால் ஸ்பேனரால் அரைச் சுற்று இறுக்கினால் போதும். அதன் வாஷர் அப்போதுதான் நசுங்கி அடைக்கும். ஏற்கெனவே பயன்படுத்திய பிளக்கானால் எட்டில் ஒரு பங்கு முதல் கால் சுற்று வரை போதும். தளர்வாக விட்டால் வாஷர் வழியே அழுத்தம் கசிந்து ஐடிலிங் கெடும். வெப்பம் வெளியேற வழியில்லாமல் பிளக் அளவுக்கு மீறிச் சூடாகி எஞ்சினையும் கெடுக்கும். பழைய வாஷர் துளையின் வாயிலேயே ஒட்டிக்கொண்டு நிற்க, அதன் மேல் புதிய வாஷருடன் பிளக் பூட்டப்படுவதும் உண்டு. அதையும் பாருங்கள். ஸ்பேனர் சாய்ந்து அழுத்தினால் பீங்கானில் கண்ணுக்குத் தெரியாத கீறல் விழுந்து, பொறி அதன் வழியே கசிந்துவிடும்.

நான்காவது தொப்பியும் வயரும். பிளக்கின் தலையில் சிறிய நட்டு ஒன்று இருக்கும். சில தொப்பிகள் அந்த நட்டின் மேல் மாட்டக்கூடியவை. சில, நட்டைக் கழற்றிவிட்டு மரையில் மாட்டக்கூடியவை. பழைய பிளக்கில் எப்படி இருந்ததோ அப்படியே புதியதிலும் இருக்க வேண்டும். நட்டு வேண்டிய இடத்தில் அது தளர்ந்திருந்தாலும் எஞ்சின் மிஸ் அடிக்கும். தொப்பியைப் பிடித்துக் கழற்றாமல் வயரைப் பிடித்து இழுத்தால் உள்ளே இணைப்பு விட்டுப்போகும். தொப்பி “டக்” என்று உட்கார வேண்டும். தொப்பியிலோ வயரிலோ வெடிப்பு இருந்தால், இருட்டில் எஞ்சினை ஓட்டிச் சற்று விலகி நின்று பாருங்கள். நீலப் பொறி வெளியே தாவுவது தெரியும். ஓடும்போது கையால் தொட்டுவிடாதீர்கள்.

இந்த நான்கும் சரியாக இருந்தால் மட்டுமே எரிபொருள் பக்கம் போக வேண்டும். சோக் பாதி மூடிய நிலையில் நிற்கிறதா, பிளக் மாற்றக் கழற்றிய மூடிகளும் குழாய்களும் சரியாக மாட்டப்பட்டிருக்கின்றனவா, காற்று வடிகட்டி அதன் இடத்தில் பொருந்தியிருக்கிறதா என்று பாருங்கள். பல மாதங்களாகத் தொட்டியில் நின்ற பெட்ரோலானால் அதை வடித்துவிட்டுப் புதியது ஊற்றுங்கள். இப்போது விற்கும் பெட்ரோலில் எத்தனால் கலந்திருக்கிறது. எத்தனால் காற்றில் உள்ள ஈரத்தை இழுத்துக்கொள்ளும். நாள்பட்ட பெட்ரோல் பிசினும் கட்டும். கார்புரேட்டரில் ஐடிலிங்குக்கு உரிய துளை மிகச் சிறியதாகையால் முதலில் அடைபடுவது அதுவே. பருவம் முடிந்து கருவியை உள்ளே வைக்கும்போது தொட்டியையும் கார்புரேட்டர் கிண்ணத்தையும் காலி செய்து வைத்தால் இத்தொல்லையே இல்லை.

பெட்ரோலில் தொடங்கி மண்ணெண்ணெயில் ஓடும் பம்பு செட் வைத்திருப்பவர்கள், நிறுத்தும் முன் மீண்டும் பெட்ரோலுக்கு மாற்றிச் சிறிது நேரம் ஓட்டி நிறுத்த வேண்டும். கிண்ணத்தில் மண்ணெண்ணெய் நின்றுவிட்டால், மறுநாள் எத்தனை நல்ல பிளக் போட்டாலும் குளிர்ந்த எஞ்சின் திணறத்தான் செய்யும்.

பழைய பிளக் சொல்லும் செய்தி

பழைய பிளக்கைப் பத்திரமாக வைக்கச் சொல்வதற்கு இன்னொரு காரணமும் உண்டு. எஞ்சினுக்கு என்ன நோய் என்பதை அதன் முகமே சொல்லும். வயலில் நன்றாக வேலை செய்த பிறகு கழற்றிப் பார்த்தால், முனை இளம் பழுப்பாக இருப்பது ஆரோக்கியம். உலர்ந்த கரியாக இருந்தால் பெட்ரோல் அதிகம், காற்று குறைவு என்று பொருள். வடிகட்டி அடைத்திருக்கலாம், சோக் முழுதும் திறக்காமல் இருக்கலாம். எண்ணெய்ப் பிசுக்குடன் ஈரக் கரியாக இருந்தால், இரண்டு ஸ்ட்ரோக்கில் ஆயில் அதிகம் கலந்திருக்கலாம். நான்கு ஸ்ட்ரோக்கில் ரிங் தேய்ந்திருக்கலாம் அல்லது ஆயில் அளவுக்கு மீறி ஊற்றியிருக்கலாம். முனை வெளுத்துக் கொப்புளித்திருந்தால் எஞ்சின் அளவுக்கு மீறிச் சூடாகிறது என்று அறிய வேண்டும்.

மேலே சொன்ன பருத்தி விவசாயியின் பழைய பிளக் நல்லவேளையாகக் கருவிப் பெட்டியில் கிடந்தது. அது அடுப்புக்கரி போல் இருந்தது. காற்று வடிகட்டியைத் திறந்தால் செம்மண் அப்பிக் கிடந்தது. கயிறு பல முறை இழுக்க வேண்டியிருந்ததற்கு அதுவே காரணம். அதைச் சுத்தம் செய்யாமல் எத்தனை பிளக் மாற்றினாலும் ஒவ்வொன்றும் சில நாளில் கரியாகிவிடும். ஸ்பாஞ்சு வடிகட்டியானால் சோப்புத் தண்ணீரில் கழுவி, உலர்த்தி, சுத்தமான எஞ்சின் ஆயிலில் நனைத்துப் பிழிந்து போட வேண்டும். காகித வடிகட்டியைக் கழுவக் கூடாது, மெதுவாகத் தட்டினால் போதும், அடைப்பு மிஞ்சினால் மாற்றிவிட வேண்டும்.

திருகாணியைத் தொடாதீர்கள்

ஐடிலிங்கில் நின்றுவிடும் எஞ்சினுக்குச் சுலப வைத்தியம் ஒன்று செய்வார்கள். ஐடிலிங் திருகைத் திருகி வேகத்தைக் கூட்டிவிடுவது. இது நோயை மறைப்பதே அன்றித் தீர்ப்பது ஆகாது. புல் வெட்டும் கருவியில் இது உயிருக்கே ஆபத்து. அதில் வேகம் கூடினால் தானே பிடிக்கும் கிளட்ச் இருப்பதால், ஐடிலிங்கிலேயே தகடு சுழலத் தொடங்கிவிடும். கை விட்டவுடன் நின்றுவிடும் என்று நம்பி அருகில் வரும் குழந்தையின் கால் என்னாவது? ஐடிலிங்கில் தகடு சுழன்றால் அக்கருவியைக் கொண்டு அன்று வேலை செய்யக் கூடாது.

கலவைத் திருகைத் தொடுவதும் அவ்வாறே. இரண்டு ஸ்ட்ரோக் எஞ்சினில் பிஸ்டனுக்கு வேண்டிய ஆயில் பெட்ரோலோடுதான் வருகிறது. பெட்ரோலைக் குறைத்தால் ஆயிலும் குறைந்து பிஸ்டன் பிடித்துக்கொள்ளும். பிளக், தொப்பி, காற்று, பெட்ரோல் எல்லாம் பார்த்த பின்பும் சரியாகாவிடில் மட்டும், விவரம் தெரிந்த மெக்கானிக்கிடம் கார்புரேட்டரை ஒப்படையுங்கள். அவர் திருகைத் தொடும் முன், அது எத்தனை சுற்றில் நிற்கிறது என்பதைக் குறித்துக்கொள்ளச் சொல்லுங்கள். பிளக் மாற்றிய நாள், எண், கீழே விழுந்ததா என்பது வரை எல்லாவற்றையும் மறைக்காமல் சொல்லுங்கள். மெக்கானிக்கைக் குறை சொல்லிப் பயனில்லை. நடந்ததைச் சொல்லாவிட்டால் அவர்தான் என்ன செய்வார்?

இனி செய்ய வேண்டியது

இதில் எங்களைப் போன்ற விரிவாக்கப் பணியாளர்களுக்கும் பங்கு உண்டு என்பதை ஒப்புக்கொள்கிறேன். எந்தக் களைக்கு என்ன மருந்து, எந்தப் பயிருக்கு எத்தனை கிலோ உரம் என்று முப்பது ஆண்டுகளாகச் சொல்லி வருகிறோம். கருவிகளை வயலில் ஓட்டிக் காட்டிக் கைதட்டலும் வாங்குகிறோம். ஆனால் அந்தக் கருவி ஓடாமல் நின்றால் முதல் அரை மணி நேரத்தில் விவசாயி என்ன செய்ய வேண்டும் என்பதைச் சொல்லித் தந்தவர்கள் எத்தனை பேர்? மானியத்தில் வாங்கினாலும் முழு விலை கொடுத்து வாங்கினாலும், கருவி ஓடினால்தான் அந்தப் பணத்துக்குப் பலன்.

ஆகவே மூன்று காரியங்கள் நடைபெற வேண்டும் என்பது என் வேண்டுகோள். கருவியை விற்பவர்கள், பிளக் எண்ணையும் இடைவெளியையும் தமிழில் எழுதிக் கருவியின் மேலேயே ஒட்டித் தர வேண்டும். பிளக் ஸ்பேனரும் ஃபீலர் கேஜும் கருவியுடன் சேர்ந்தே வர வேண்டும். செயல்விளக்கம் நடத்துபவர்கள், வந்திருக்கும் ஒவ்வொருவரும் தம் கையாலேயே ஒரு முறை பிளக்கைக் கழற்றி, இடைவெளி பார்த்து, திரும்பப் பூட்டும்படி செய்ய வேண்டும். பெண்களை ஒதுக்கி வைக்கக் கூடாது. பல வீடுகளில் இன்று கருவியைத் தள்ளுபவர்கள் அவர்களே. எங்கள் பருத்தி விவசாயியின் கருவிக்கு என்ன நேர்ந்தது என்பதை முதல் நாளே அறிந்திருந்தவர் அவ்வீட்டு அம்மாள்தான். அவரை யாரும் கேட்கவில்லை.

இவையெல்லாம் நடக்கும் வரை காத்திருக்க வேண்டியதில்லை. ஒரு ஃபீலர் கேஜும் சரியான எண்ணுள்ள ஓர் உபரி பிளக்கும் வாங்க ஓராள் கூலி அளவே செலவாகும். உபரி பிளக்கின் இடைவெளியை வீட்டிலேயே சரிபார்த்து, அதன் பெட்டியிலேயே வைத்து, களைக்குப் போகும்போது எடுத்துச் செல்லுங்கள். கருவியின் கத்திகளில் சிக்கிய கொடியை எடுக்கும் முன் எஞ்சினை நிறுத்தி, பிளக் தொப்பியையும் கழற்றிவிடும் வழக்கத்தைக் கைக்கொள்ளுங்கள். அடுத்த முறை எஞ்சின் இருமினால் பதற்றப்பட வேண்டாம். கடைசியாக எதைத் தொட்டோம் என்று வீட்டில் உள்ளவர்களையும் கேட்டு, அங்கிருந்தே தேடத் தொடங்குங்கள். பெரும்பாலும் அரை மணி நேரத்தில் மீண்டும் வரப்பில் இறங்கிவிடலாம்.